நாம் அன்றாடம் திறக்கும் கதவு

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, பினாங்கில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் நமது நண்பர் ஒருவர் தம்முடைய வங்கிக்கு டெலிபோன் செய்தார். நாற்பது வருஷ அனுபவம் உடையவர். துணியை விரலால் தடவிய மாத்திரத்தில் பருத்தி எவ்வளவு, கலப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். மறுமுனையில் பேசிய பெண், "எந்தப் பிரவுசரில் போனீர்கள்?" என்று கேட்டாள். "கூகிளில்தான்" என்றார் நண்பர். "குரோமா, எட்ஜா, வேறு ஏதாவதா?" என்று அவள் மறுபடியும் கேட்டாள். நண்பர் மேஜை மேலிருந்த யந்திரத்தைத் திருப்பிப் பார்த்து, அதன் மூடியில் பொறித்திருந்த கம்பெனியின் பெயரை வாசித்துச் சொன்னார்.

இதைப் படிக்கும் இளைஞர்கள் சிரிக்கக் கூடும். சிரிக்குமுன் பக்கத்தில் இருப்பவரிடம் அவர்களே இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும். 2009ஆம் ஆண்டில் கூகிள் கம்பெனியார் நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் போகிறவர் வருகிறவர் ஐம்பது பேருக்கு மேல் நிறுத்தி, "பிரவுசர் என்றால் என்ன?" என்று கேட்டார்கள். சரியான விடை சொன்னவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவு. பலர் கூகிளின் பெயரையே விடையாகச் சொன்னார்கள். உலகத்தின் பெரிய வியாபாரப் பட்டணம் ஒன்றில், தினமும் அதையே உபயோகிக்கிற மக்கள்! நமது அண்டை நாடாகிய இந்தோனேசியாவில் எடுக்கப்பட்டு 2015ல் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பு இன்னும் விசித்திரமானது. பேஸ்புக் பார்ப்பதாகச் சொன்னவர்களில் நூற்றுக்குப் பதினொருவர், "நாங்கள் இன்டர்நெட் உபயோகிப்பதில்லை" என்றும் சொன்னார்கள். கடலில் நீந்திக்கொண்டே தண்ணீரைத் தொட்டதில்லை என்று சொல்வது போன்றது இது.

ஆகவே நம் நண்பருடைய அறியாமை அவருக்கு மாத்திரம் உரியதன்று. ஆனால் அவருக்கு அது 18,400 வெள்ளிக்கு வந்து நின்றது. சூரத்திலிருந்து வந்த சரக்குக்குக் கட்ட வேண்டிய பணம். அது எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லுமுன் சாமான்களின் பெயரைத் தெரிந்துகொள்வது நல்லது. பெயர் தெரியாத சரக்கை விலை பேச முடியாதல்லவா?

கம்ப்யூட்டரோ கைப்பேசியோ, அது கடையின் கட்டிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டிடத்தின் விளக்கு, பூட்டு, சாவி எல்லாவற்றையும் நிர்வகிக்கிற மேற்பார்வையாளர்தான் இயங்குதளம் என்பது. விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஐபோனில் உள்ள ஐஓஎஸ் ஆகியவை அந்த இனம். பிரவுசர் என்பது, தமிழில் உலாவி என்பார்கள், கடையில் நிற்கிற ஓட்டப் பையன். முகவரி எழுதிய சீட்டை அவன் கையில் கொடுத்தால், அந்த முகவரிக்கு ஓடிப்போய் அங்குள்ளதை வாங்கி வந்து நம் முன்னே விரித்துக் காட்டுவான். குரோம், எட்ஜ், சபாரி, பயர்பாக்ஸ் என்பவை இப்படிப்பட்ட பையன்களின் பெயர்கள். சீட்டில் எழுதியிருக்கிற முகவரி சரியா தப்பா என்பது பெரும்பாலும் அவன் பொறுப்பன்று; எழுதிக் கொடுத்தவர் பொறுப்பு.

தேடுபொறி என்பது வேறு. அது தரகர். நமக்கு முகவரி தெரியாதபோது, "இன்ன சரக்கு எங்கே கிடைக்கும்?" என்று அவரிடம் விசாரிக்கிறோம், அவர் நாலைந்து இடங்களைச் சொல்லுகிறார். சொல்லுகிற இடங்களில் தரகருக்குச் சொந்தமானது ஒன்றும் இருக்க வேண்டியதில்லை. தரகுக் காசு கொடுத்தவரை முதலில் சொல்லுகிற வழக்கமும் அவருக்கு உண்டு. அதற்குத்தான் விளம்பரம் என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். கூகிள் கம்பெனிக்குத் தேடுபொறியும் உண்டு, குரோம் என்ற பிரவுசரும் உண்டு. தரகரும் ஓட்டப் பையனும் ஒரே முதலாளியின் ஆட்கள் ஆகிவிட்டபடியால், இருவரையும் ஒருவரென்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். போதாக்குறைக்கு, முகவரி எழுதும் பெட்டியும் தேடும் பெட்டியும் இப்போது ஒரே பெட்டியாக இருக்கின்றன. தப்பு முழுவதும் நம்முடையதென்று நாம் சொல்லமாட்டோம்.

இந்தப் பையனுக்கு வயது அதிகம் ஆகவில்லை. சுவிட்சர்லாந்திலுள்ள செர்ன் என்ற விஞ்ஞான நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் 1990ல் முதல் பிரவுசரை எழுதினார். 1993ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து மொசைக் வந்தது; மறு வருஷம் நெட்ஸ்கேப். 1995ல் மைக்ரோசாப்ட் கம்பெனி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கொண்டுவந்து, பிறகு அதை விண்டோஸோடு சேர்த்தே கொடுக்கத் தொடங்கியது. அதன் காரணமாக அமெரிக்க அரசாங்கமே 1998ல் அக்கம்பெனி மீது வழக்குத் தொடுத்தது. 2008ல் குரோம் வந்தது. இலவசமாகக் கொடுக்கிற ஒரு சாமானுக்காகக் கோர்ட்டு வரை ஏன் போக வேண்டும்?

வியாபாரிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல அவசியமில்லை. ஒரு தொகையைச் சொன்னால் போதும். ஆப்பிள் கம்பெனியின் சபாரி பிரவுசரில் தேடும் தரகராகத் தன்னையே முதலில் வைத்திருப்பதற்காக, கூகிள் கம்பெனி 2022ஆம் ஆண்டில் மாத்திரம் ஆப்பிளுக்குக் கொடுத்த பணம் 20 பில்லியன் அமெரிக்க டாலர். அமெரிக்க அரசாங்கம் கூகிள் மீது தொடுத்த வழக்கில் வெளியான தொகை இது. அந்த வழக்கில் நீதிபதி அமித் மேத்தா, கூகிள் தேடுதலில் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துவந்தது என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். முச்சந்திக் கடைக்கு ஏன் வாடகை அதிகம் என்பது நமக்குத் தெரியும். அந்த வழியாகப் போகிறவன் வேறு தெருவுக்குத் திரும்பமாட்டான் என்ற நம்பிக்கைக்குத்தான் அந்த வாடகை. இங்கே வழிப்போக்கர் நாம். ஐபோன் வாங்கிய நாளிலிருந்து அதில் என்ன வைத்துக் கொடுத்தார்களோ அதை மாற்றாமல் உபயோகிக்கிறோம். நம்முடைய அந்தப் பழக்கத்துக்குத்தான் 20 பில்லியன் டாலர் விலை கொடுத்திருக்கிறார்கள்.

இனி நண்பருடைய கதைக்கு வருவோம்.

அவர் தம் வங்கியின் முகவரியை ஒரு நாளும் எழுதினவர் அல்லர். பெட்டியில் வங்கியின் பெயரைத் தட்டுவார்; வருகிற முதல் வரியை அழுத்துவார். பல வருஷமாக அப்படியே செய்து வந்தார், அல்லாஹ்வின் கிருபையால் ஒன்றும் ஆகவில்லை. அன்று முதல் வரியாக வந்தது ஒரு விளம்பரம். காசு கொடுத்து அந்த இடத்தை வாங்கியவன் திருடன். திறந்த பக்கம் வங்கியின் பக்கத்தைப் போலவே இருந்தது. அதே வர்ணம், அதே சின்னம். பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் திருடன் அந்தக் கடவுச்சொல்லை உண்மையான வங்கியில் கொடுத்து உள்ளே போய்விட்டான். நண்பருடைய கைப்பேசியில் வங்கியின் ஆப், "அனுமதிக்கிறீர்களா?" என்று கேட்டது. தாம் உள்ளே போவதற்குத்தான் கேட்கிறது என்று நினைத்து அழுத்தினார். மறுபடியும் கேட்டது, மறுபடியும் அழுத்தினார். இரண்டாவது கேள்வியில் தொகையும் எழுதியிருந்ததாம். அதை அவர் வாசிக்கவில்லை.

இது புதிய தந்திரமன்று. தேடுபொறி விளம்பரங்களில் கம்பெனிகளின் பெயரைப் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2022 டிசம்பரிலேயே பகிரங்கமாக எச்சரித்தது. முகவரியை எழுதாமல் பெயரைத் தேடிப் போகிற பழக்கமோ அதைவிடப் பழையது. 2010 பிப்ரவரியில் ரீட்ரைட்வெப் என்ற செய்தித் தளம் பேஸ்புக்கைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. பேஸ்புக்கில் நுழைவதற்காகக் கூகிளில் தேடியவர்களுக்கு அந்தக் கட்டுரை முதல் வரியாகப் போய் நின்றது. அழுத்தியவர்கள் கட்டுரையைக் கண்டு, பேஸ்புக் தன் உருவத்தை மாற்றிக்கொண்டது என்று நினைத்து, "பழையபடி ஆக்குங்கள்", "நான் எப்படி உள்ளே போவது?" என்று நூற்றுக்கணக்கில் அங்கேயே எழுதிவிட்டார்கள். இது பேஸ்புக் அல்ல என்று கட்டுரையின் நடுவே தடித்த எழுத்தில் போட வேண்டியதாயிற்று. அது நல்லவர்கள் நடத்திய தளம். ஆகையால் யாருக்கும் நஷ்டமில்லை.

முகவரியை வாசிக்கத் தெரிந்துகொள்வதுதான் இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி. சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம். திரையில் ஆங்கில எழுத்தில் வருவதை இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறோம். உங்கள் வங்கியின் முகவரி எங்கள்வங்கி.காம்.மை என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். திருடன் எங்கள்வங்கி.காம்.மை.சலுகை.காம் என்று ஒன்றை வைத்துக்கொள்வான். இடப்புறத்திலிருந்து வாசிக்கிற நமக்கு வங்கியின் பெயர் முதலில் கண்ணில் பட்டுவிடுகிறது, திருப்தியடைந்து நிறுத்திவிடுகிறோம். ஆனால் கடித உறையை நாம் எப்படி வாசிக்கிறோம்? கதவு எண், தெரு, ஊர், தேசம் என்று எழுதியிருந்தாலும், தபால்காரர் தேசத்தையும் ஊரையும் அல்லவா முதலில் பார்க்கிறார்? இன்டர்நெட் முகவரியும் அப்படியே. முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே வருகிறதோ அங்கே விரலை வைத்து, அதிலிருந்து இடப்புறமாகத் திரும்பி வாசிக்க வேண்டும். கடைசியில் நிற்கிற இரண்டு துண்டுகள்தான் உடையவர் யார் என்பதைச் சொல்லும். காம்.மை, காம்.எஸ்ஜி என்று முடிந்தால் மூன்று துண்டுகள். மேலே சொன்ன திருட்டு முகவரியின் உடையவர் சலுகை.காம், அதற்கு முன்னே இருப்பதெல்லாம் அவன் தன் வீட்டு அறைக்கு வைத்துக்கொண்ட பெயர். அறைக்கு யார் எந்தப் பெயரையும் வைக்கலாம். எங்கள்வங்கி-உதவி.காம் என்று சிறு கோடு போட்டு எழுதினால் அதுவும் முற்றிலும் வேறொருவருடைய இடம்.

"பூட்டுப் படம் இருந்ததே!" என்று நண்பர் கேட்டார். நம்மில் பலரும் அப்படியே நம்பியிருக்கிறோம். அந்தப் பூட்டுக்கு அர்த்தம், உங்களுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே போகிற செய்தியை வழியில் ஒருவன் படிக்க முடியாது என்பது மாத்திரமே. அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவன் யோக்கியன் என்பது அதன் அர்த்தமன்று. கடிதத்தை அரக்கு முத்திரை வைத்துத் திருடனுக்கே அனுப்பினால் முத்திரை என்ன செய்யும்? பூட்டுக்கு வேண்டிய பத்திரம் 2015 முதல் காசில்லாமலே எவருக்கும் கிடைக்கிறது. கூகிள் 2021ல் செய்த ஆராய்ச்சியில் பூட்டின் சரியான அர்த்தத்தைத் தெரிந்திருந்தவர்கள் நூற்றுக்குப் பதினொருவர்தாம். ஆகையால் 2023 செப்டம்பரில் குரோமிலிருந்து அந்தப் படத்தையே எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார்கள். படத்தை வைத்தவர்களே, ஜனங்கள் தவறாக எடுத்துக்கொண்டார்கள் என்று ஒப்புக்கொண்ட சங்கதி இது.

கைப்பேசியில் முகவரி முழுவதும் தெரிவதில்லை. அதை அழுத்தி நீட்டிப் பார்க்க வேண்டும். பேஸ்புக்கினுள்ளே ஒரு விளம்பரத்தை அழுத்தினால், அது பெரும்பாலும் உங்கள் குரோமிலோ சபாரியிலோ திறப்பதில்லை. பேஸ்புக் தனக்குள்ளேயே வைத்திருக்கிற ஒரு சிறு பிரவுசரில் திறக்கிறது. அங்கே பணம் கட்டுகிற வேலையை வைத்துக்கொள்ளாமல் இருப்பது உத்தமம். வங்கியின் முகவரியை ஒரு தடவை சரியாக எழுதிப் பிரவுசரிலேயே குறித்து வைத்துக்கொண்டால், பிறகு தரகரைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. இன்னொரு உபாயமும் உண்டு. கடவுச்சொல்லைப் பிரவுசர் நினைவில் வைத்திருக்குமானால், முகவரி ஓர் எழுத்து மாறினாலும் அது தானாக நிரப்பாது. வர்ணத்தையும் சின்னத்தையும் பார்த்து மயங்குகிறவர் நாம். பையன் மயங்கமாட்டான், முகவரியை மட்டுமே பார்ப்பான். தினமும் நிரப்புகிறவன் இன்று ஏன் நிரப்பவில்லை என்று தோன்றினால், கையை எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது, அப்டேட் என்கிற விஷயம். "அப்டேட் செய்யட்டுமா?" என்று கேட்கும்போதெல்லாம் "பிறகு" என்று அழுத்துகிற பழக்கம் நம் கடைகளில் உண்டு. வாடிக்கையாளர் நிற்கிற நேரத்தில் யந்திரம் அரை மணி சுற்றிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது! ஆனால் அது கேட்பது பெரும்பாலும் அலங்காரத்துக்காக அன்று. சுவரில் கண்டுபிடித்த ஓட்டையை அடைப்பதற்காக. மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14ல் விண்டோஸில் ஓர் ஓட்டையை அடைக்க அப்டேட் வெளியிட்டது. இரண்டு மாதம் கழித்து, மே 12ல், வான்னாக்ரை என்ற நச்சு நிரல் அதே ஓட்டை வழியாகப் புகுந்து, சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் உள்ள கணக்குகளைப் பூட்டிவைத்து 300 டாலர் கேட்டது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. சிங்கப்பூரில் கடைத்தொகுதிகள் சிலவற்றின் மின்பலகைகளில் விளம்பரத்துக்குப் பதில் திருடனின் அறிவிப்புத் தெரிந்தது. இரண்டு மாதமாக "பிறகு" என்று அழுத்தியவர்களும், கேட்கவே கேட்காத பழைய விண்டோஸை வைத்திருந்தவர்களுமே அகப்பட்டார்கள்.

இதில் நம்மவர் கவனிக்க வேண்டியது கல்லாப் பக்கத்தில் இருக்கும் பில் போடும் கம்ப்யூட்டரை. பல கடைகளில் அது பத்து வருஷத்துப் பழையது. விண்டோஸ் 7க்கு ஓட்டை அடைப்பது 2020 ஜனவரியோடு நின்றது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ல் நின்றது. அதற்குப் பின்னும் வேண்டுமானால் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை மைக்ரோசாப்ட் 2022 ஜூன் 15ல் முடித்துவிட்டது. பில் மட்டும் போடுகிற பழைய யந்திரத்தை உடனே தூக்கி எறியும்படி நாம் சொல்லவில்லை. அதே யந்திரத்தில் ஈமெயிலும் வங்கியும் பார்க்க வேண்டாம் என்றுதான் சொல்லுகிறோம்.

அந்தக் கல்லாக் கம்ப்யூட்டரைப் பற்றி இன்னொன்று. முதலாளி தம் சொந்தக் கூகிள் கணக்கை அதன் பிரவுசரில் சேர்த்து வைத்திருப்பார். வீட்டில் அவர் நினைவில் வைக்கச் சொன்ன கடவுச்சொல் எல்லாம் கடையிலும் வந்து உட்கார்ந்துவிடும். கடைப் பையன்கள் நல்லவர்களே. ஆனால் வேலையை விட்டுப்போன பையன் தன் கைப்பேசியிலும் அந்தக் கணக்கைச் சேர்த்துக்கொண்டு போயிருந்தால் அது யாருக்கும் தெரியாது. சாவிக்கொத்தை வாங்கிக்கொள்ளாமல் ஒருவரை வேலையிலிருந்து அனுப்புகிற முதலாளி நம்மில் எவரும் இல்லை. கணக்கின் அமைப்பில், எந்தெந்த யந்திரங்களில் அது திறந்திருக்கிறது என்ற ஜாபிதா இருக்கிறது. தெரியாத பெயரை அங்கேயே நீக்கிவிடலாம்.

ஆப்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லுகிறோம். சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டில் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நச்சு ஆப் ஏற்றச் செய்து ஏமாற்றியதாகப் போலீசுக்கு வந்த புகார்கள் 1,899. போன பணம் 34.1 மில்லியன் வெள்ளிக்குக் குறையாது. கடல் உணவு, வீட்டைச் சுத்தம் செய்தல் என்று பேஸ்புக்கில் மலிவு விலைக்கு விளம்பரம். விசாரித்தால் வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பு. "இந்த ஆப்பை ஏற்றி ஆர்டர் கொடுங்கள்" என்பார்கள். ஏற்றியதும் அணுகல் வசதி என்ற அனுமதியைக் கேட்கும். கண்பார்வை குறைந்தவர்களுக்கு உதவுவது போன்ற நல்ல காரியங்களுக்காக ஏற்பட்ட அனுமதி அது; கொடுத்தால் திரையில் உள்ளதையெல்லாம் படிக்கலாம், நமக்காக அழுத்தவும் செய்யலாம். 2024ல் கூகிள் இப்படி வெளியிலிருந்து ஏற்றுகிற ஆப்களைத் தடுக்கும் ஏற்பாட்டை முதன்முதலில் சிங்கப்பூரிலேயே தொடங்கிற்று. நம்மவர் வாங்குகிறவர்கள் மட்டுமல்லர், விற்கிறவர்களும் கூட. நமது வாடிக்கையாளர்களிடம் வாட்ஸ்அப்பில் இணைப்பு அனுப்பி ஆப் ஏற்றச் சொல்லுகிற கடைகள், திருடனுடைய வழக்கத்தை ஜனங்களுக்குப் பழக்கிக் கொடுக்கின்றன. 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் ஒரு வங்கியின் பெயரால் வந்த குறுஞ்செய்தி இணைப்பை அழுத்தி 790 பேர் 13.7 மில்லியன் வெள்ளி இழந்தபின், அங்குள்ள வங்கிகள் குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்புவதையே விட்டுவிட்டன.

நண்பருடைய பணம் போனது ஒரு பிற்பகலில். அரை மணியில் அவருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. ஆனால் மகனிடம் சொல்ல வெட்கம். கணக்கப்பிள்ளையிடம் சொல்லவும் வெட்கம். இரவு முழுவதும் விழித்திருந்துவிட்டு, மறுநாள் காலையில்தான் வங்கிக்கு டெலிபோன் செய்தார். அதற்குள் பணம் முதலில் போய்ச் சேர்ந்த கணக்கிலிருந்து வேறு நான்கு கணக்குகளுக்குப் பிரிந்து போயிருந்தது. தடுத்து நிறுத்த முடிந்தது 2,100 வெள்ளி. மலேசியாவில் இத்தகைய புகார்களுக்கு 997 என்ற எண்ணுக்கும், சிங்கப்பூரில் சந்தேகமானால் 1799 என்ற எண்ணுக்கும் பேசலாம். பணம் போய்விட்டால் வங்கிக்கும் அந்த நிமிஷமே சொல்ல வேண்டும். எந்தப் பிரவுசர் என்று அவர்கள் கேட்கலாம். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். அவர்கள் காத்திருப்பார்கள், பணம் காத்திருக்காது.